உன் காருக்கு நான் ஊற்றிய ஆயில்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் கார் மட்டும் சுகமில்லை.

நேற்று நீ நாலு தடவை போன் செய்தபோதும் நான் குளித்துக்கொண்டிருப்பதாக அம்மா சொன்னாளே, அது பொய். என்னை ஒரு தடவை குளிக்க அனுப்பவே அவள் என்ன பாடு படுவாள் என்று உனக்குத் தெரியாதா? பேசத் தைரியம் வரவில்லை, அதனால் காகிதம்.

புது வேலைக்கு அவ்வளவு தூரம் தனியாக ஓட்டிக்கொண்டு போகிறாயே, அப்பன் கையால் ஏதாவது நல்லது செய்து அனுப்புவோம் என்று, நீ கிளம்புவதற்கு முந்தின நாள், பெட்டி கட்டும்போது காருக்கு அடியில் படுத்து கியர் ஆயிலைத் திறந்து பார்த்தேன். தண்ணி மாதிரி, இளம்பச்சையா ஒழுகுது. லாரியில் முப்பது வருஷம் நான் பார்த்த ஆயில் தேன் மாதிரி கெட்டியா, மூக்கைத் துளைக்கிற நாத்தத்தோட இருக்கும். இது செத்த ஆயில் என்று முடிவு கட்டி, முழுக்க வடித்துவிட்டுக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர், "தானா கியர் மாறுற வண்டியா? உள்ளே கியரா, பெல்ட்டா?" என்றார். பின்னால் ஆட்கள் நிற்கும்போது தெரியாது என்று சொல்ல வாய் வருமா? "பெல்ட்டு இடுப்புல இருக்குய்யா, கெட்டியான ஆயிலாக் குடு"ன்னுட்டேன்.

மறுநாள் காலை நீ ஏறி அழுத்தினால், வண்டி உறுமுது, அழுவுது, நகரமாட்டேங்குது. "அப்பா, என்ன பண்ணீங்க?" என்று நீ கேட்டதும் நான் டயரில் காற்று பார்க்கக் குனிந்துவிட்டேன். நீ ரெண்டு பெட்டியோடு பஸ்ஸில் போய், முதல் நாளே தாமதமாக நின்று திட்டு வாங்கினாயாமே. அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

மெக்கானிக் மூன்று தட்டில் மூன்று ஆயிலை ஊற்றி எனக்குப் பாடம் எடுத்தார். கெட்டியானது நாமே கியர் போடும் வண்டிக்கு. சிவப்பு, தானாகக் கியர் மாறும் வண்டிக்கு. உன் காரில் கியரே இல்லையாம். ஒரு இரும்புப் பட்டைதான் சுற்றுதாம். அது வழுக்காமல் பிடித்துக்கொள்வதே அந்தப் பச்சைத் தண்ணியாலதானாம். "நிறத்தை நம்பாதீங்க, வண்டியோட வந்த புஸ்தகத்தைப் பாருங்க" என்றார்.

"முப்பது வருஷம் லாரி ஓட்டினவன் நான்."

"அப்ப அந்த லாரிக்கே ஊத்தியிருக்கலாமே, பெரியவரே!"

கூட வந்திருந்த உன் அம்மா சிரித்த சிரிப்பில் ஒரு தட்டு கவிழ்ந்தது.

மூன்று தடவை ஆயில் மாற்றிக் கழுவியாயிற்று, பட்டை தப்பித்தது. வெள்ளிக்கிழமை நானே கொண்டுவந்து விடுகிறேன். மன்னித்துக்கொள் மகளே. வேளாவேளைக்குச் சாப்பிடு, மகராசியாக இரு.

இப்படிக்கு,
இனி எந்தக் காருக்கு அடியிலும் படுக்காத
உன் அப்பா

பி.கு.: "நான் போகக்கூடாதுன்னு வேணும்னே பண்ணீங்களா?" என்று அன்று கேட்டாய். இல்லைன்னு சத்தியம் பண்ணினேன், அது நிஜம்தான். ஆனா அந்த டயர்ல காத்தெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. 'அப்பாடா, இன்னிக்கு மத்தியானமும் நம்மகூட சாப்பிடுவா'ன்னு முகத்துல ஒரு சிரிப்பு வந்துடுச்சு. அதை மறைக்கத்தான் குனிஞ்சேன்.