லோமோவாத் தீவுக்குத் தண்ணீர்

பம்ப் போய்ச் சேர்ந்துவிட்டது. குழாய் போகவில்லை.

"குழாய் இல்லாத பம்ப்ப வெச்சு என்ன சார் பண்றது? ஆரத்தி எடுக்கவா?" என்றாள் மேலதிகாரி தாரிணி. "வெள்ளிக்கிழமைக்குள்ள தண்ணி கொட்டுற போட்டோ வரலேன்னா திட்டத்தை மூடிருவாங்க. உங்க வேலையும் அதோட சரி."

ஆக்லாந்து உதவி நிறுவனமொன்றில், லோமோவாத் தீவுக்குக் குடிநீர் கொடுக்கும் பொறுப்பு சதாசிவத்துடையது. அந்தத் தீவில் ஒருவர் தும்மினால் எதிர்க்கரைக்காரர் போர்த்திக்கொள்வார்; அவ்வளவு சிறியது. ஆக்லாந்தின் பிளாட் புஷ் பகுதியில் அவர் வாங்கிய வீட்டின் மோர்ட்கேஜ் கடனோ, பேரன் பேத்தி எடுத்தாலும் அடையாது.

கப்பல் எப்போது போகுமென்று கப்பலுக்கே தெரியாது. ஆகவே பிளம்பர் கீதனைக் குழாயோடு விமானத்தில் அனுப்பினார். குட்டி விமானம், ஆளையும் சாமானையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள். கீதன் நல்ல ஆகிருதி.

"அண்ணை, வந்து சேந்திட்டன்," என்றான் போனில்.

"குழாய்?"

"ஒண்டில் நீ, இல்லாட்டிக் குழாய் எண்டாங்கள். நான் ஏறிட்டன்."

வெட்டியாக இருப்பானேன் என்று, பம்ப் பராமரிப்புப் பயிற்சி வகுப்பு நடத்தச் சொன்னார் சதாசிவம். மரியாதை தெரிந்த தீவு. கைக்குழந்தை முதல் பாதிரியார் வரை மொத்த ஊரும் வந்து உட்கார்ந்துவிட்டது. கடலுக்குப் போக ஆளில்லை.

"அண்ணை, ஊரே பட்டினி. வகுப்பில பாதியில எழும்பினா மரியாதை இல்லையாம்."

"அப்ப முடிச்சுத் தொலையேம்ப்பா!"

"முடிச்சா நன்றி விருந்து வைக்க வேணுமாம். அதுக்கு மீனில்லை."

கிளென்ஃபீல்டிலிருந்து கிளென் ஈடன் வரை கடை கடையாக ஏறி, டின் மீன் வாங்கிக் குவித்து அனுப்பினார். அடுத்த விமானத்தில் மீன் ஏறியது. குழாய் மறுபடியும் இறங்கியது.

"தீவுக்கு மீன் அனுப்பினீங்களாமே?" என்றாள் தாரிணி. "அடுத்து என்ன சார், உப்புத் தண்ணியா?"

வெள்ளிக்கிழமை காலை, வேலை போன செய்தியை மனைவி மரகதத்திடம் எப்படிச் சொல்வதென்று கண்ணாடி முன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது போட்டோ வந்தது. குழாயில் தண்ணீர் பீய்ச்சியடிக்கிறது, பிள்ளைகள் குளிக்கிறார்கள், பாதிரியாரும் குளிக்கிறார்!

தாரிணிக்கு அனுப்பினார். திட்டம் பிழைத்தது. துள்ளிக்கொண்டு கீதனை அழைத்தார்.

"குழாய் எப்பப்பா வந்துச்சு?"

"வரேல்லை."

"அப்ப பம்ப் எப்படி ஓடுது?"

"அது இன்னும் பெட்டிக்குள்ளதான். இஞ்ச மலையில ஊத்து இருக்கு அண்ணை. பூட்டன் காலத்திலயிருந்து வீட்டுக்கு வீடு குழாயில தண்ணி வருதாம். இவ்வளவு நாளும் எனக்கு இளநீரைத் தந்து சமாளிச்சவை, இண்டைக்குத்தான் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினவை."

"அடப்பாவிகளா! முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"முதல் வீடியோக் கூட்டத்தில நீங்கள் மியூட் போட மறந்துபோய், மோர்ட்கேஜுக்குத் தவணை கேட்டு பேங்க்காரரோட அழுதது ஊருக்கே கேட்டதாம்."

மரகதம் அருகில் இருக்கிறாளா என்று சதாசிவம் திரும்பிப் பார்த்தார்.

"பாதிரியார் வாற வருசம் பள்ளிக்கூடக் கூரை கேட்கப்போறாராம்," என்று கீதன் குரலைத் தாழ்த்தினான். "கூரையில ஒரு பழுதுமில்லை, உங்கட வீட்டுக் கடன் முடியுமட்டும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறதெண்டு ஊர்க்கூட்டத்தில முடிவாம் அண்ணை."