மொட்டைக்கு வயசு கேட்ட கதை

ஐம்பது வயதுக்கு மேல் மைதானத்தில் இறங்கி விளையாடும் ஆண்கள் இரண்டு விஷயங்களை நம்பவே மாட்டார்கள். ஒன்று, தங்கள் முழங்கால். இன்னொன்று, எதிர் டீம்காரன் சொல்லும் வயது. நான் இந்த இரண்டோடு நிற்கிற ஆள் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தால், என் செருப்பு காலடியில்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். கல்யாணமான புதிதில் என் மனைவி காஞ்சனா இதை ‘உஷார்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது வேறு வார்த்தை வைத்திருக்கிறாள். அதை இங்கே எழுத முடியாது.

எங்களுக்கு ஊர் நகரி. பவர்லூம் வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட்டுக்கு லாயக்கில்லை என்று கழித்துக்கட்டிய பையன்களையெல்லாம் பி.டி. மாஸ்டர் சாஃப்ட்பால் பக்கம் தள்ளிவிடுவார். அப்படித் தள்ளப்பட்டவன் நான். கையைக் கீழிருந்து சுழற்றி வீசுகிற பெரிய பந்து. அதை அடித்துவிட்டு, மூன்று பேஸைச் சுற்றி, கிளம்பிய இடமான ஹோமுக்கே ஓடிவந்தால் ஒரு ரன். தலை நரைத்த பிறகு அதே கூட்டம் மறுபடியும் சேர்ந்து, திருப்பதியில் ஒரு மைதானத்தில் ஞாயிறு காலைகளில் விளையாட ஆரம்பித்தோம். நான் கேட்சர். அதாவது, பேட்ஸ்மேனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவன். முகத்துக்குக் கம்பி மாஸ்க் உண்டு. ஓட வேண்டியதில்லை என்பதற்காகத்தான் அந்த இடத்தைக் கேட்டு வாங்கினேன். (உட்காருவது சுலபம். எழுந்திருக்கத்தான் ஆள் வேண்டும்.)

அந்தச் சமயத்தில் எங்கள் மகள் பவித்ராவுக்குச் சித்தூரில் ஒரு இடம் வந்தது. அதற்கு முன்னால் வந்த சில நல்ல இடங்களை என் சந்தேகமே தட்டிவிட்டிருந்தது. ஒரு பையனின் ஆபீஸ் வாட்ச்மேனிடம் போய், “தம்பி உள்ள போனா சாயந்திரம் வரைக்கும் உள்ளயே இருக்காரா?” என்று விசாரித்தேன். வாட்ச்மேன் பையனிடம் சொன்னான், பையன் அவன் அம்மாவிடம் சொன்னான், அதோடு அந்த இடம் முடிந்தது. சித்தூர்ப் பையனைப் பவித்ராவுக்குப் பிடித்திருந்தது. போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், “மலைக்கு ஒரு வேண்டுதல் இருக்குது. முடிச்சிட்டு ஞாயித்துக்கிழம சாயந்திரம் வந்து தட்டு மாத்திக்கலாம்” என்று சொல்லியிருந்தார்கள்.

பவித்ரா என் எதிரில் வந்து நின்று, “நைனா, இந்தத் தடவ யாரையும் எதுவும் கேக்காத. உன் கால்ல விழறேன்” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. யாரையும் எதுவும் கேட்பதில்லை என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எங்களுக்குச் சித்தூர் டீமோடு மேட்ச். ஐம்பது தாண்டியவர்கள் மட்டும். தட்டு மாற்றும் நாளில் பந்து பிடிக்கப் போகிறேன் என்றால் காஞ்சனா என்னையே பந்தாக அடித்திருப்பாள். ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்பில் தறிக்கு ஒரு ஸ்பேர் பார்ட் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மைதானத்தில் சித்தூர்க்காரர்களைப் பார்த்தேன். எல்லோரும் தொப்பையும் நரையுமாக, நம்பும்படி இருந்தார்கள். ஒருவனைத் தவிர. தலை, மீசை எல்லாம் மழித்து, சந்தனம் பூசி, பளபளவென்று நின்றான். குதிகாலைத் தூக்கித் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தான். எனக்கு உடனே மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. நரை இருக்கிறதா இல்லையா என்று மொட்டையில் எப்படிக் கண்டுபிடிப்பது? முப்பத்தைந்து வயதுக்காரனை ஐம்பது என்று இறக்குவதற்கு இதைவிட நல்ல வழி உண்டா? (திருப்பதியில் ஒரு மொட்டையைப் பார்த்துச் சந்தேகப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.) அவனை மற்றவர்கள் “அண்ணா, அண்ணா” என்று கூப்பிட்டார்கள். சொல்லிக்கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அவன் பேட் செய்ய வந்தான். நான் பின்னால் குந்தியபடி, மாஸ்க்குக்குள்ளிருந்து ஆரம்பித்தேன்.

“ஏம் தம்முடூ, மீ நாயனா ராலேதா?”

தம்பி, உங்கப்பா வரவில்லையா என்று கேட்டேன். அப்பாவுக்குப் பதிலாக மகன் வந்திருக்கிறான் என்று எல்லோருக்கும் புரியட்டும் என்றுதான்.

அவன் திரும்பாமல் தமிழில், “வாய மூடிக்கினு பந்தப் புடிய்யா” என்றான். அடுத்த பந்தை அடித்துவிட்டு ஓடினான் பாருங்கள், இந்த வயதில் நாங்கள் டாய்லெட்டுக்குக்கூட அப்படி ஓடுவதில்லை. மூன்றாவது பேஸில் போய்த்தான் நின்றான்.

நான் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். அம்பயர் ஒரு பள்ளிக்கூட பி.டி. மேடம். விசிலும் வாயுமாக வந்தார்.

“மேடம், இந்த ஆளுக்கு அம்பது ஆகல. முப்பத்தஞ்சுதான் இருக்கும்.”

“ப்ரூஃப் ஏமுந்தி?”

ப்ரூஃப்புக்கு நான் எங்கே போக? சட்டென்று ஒரு யோசனை வந்தது. “அம்பது ஆனவன் கைய ஊணாம குந்தி எழுந்திருக்க முடியாது மேடம். எழுந்திரிக்கச் சொல்லுங்க, தெரிஞ்சிடும்.”

மொட்டை அங்கேயே உட்கார்ந்தான். எழுந்தான். இன்னொரு தரம் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டே எழுந்தான்.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!” என்று குதித்தேன். குதித்தேன் என்பது பேச்சுக்குச் சொல்கிறேன், பாதம் தரையில்தான் இருந்தது.

மேடம் என்னைப் பார்த்து, “சரி, இப்ப நீங்க பண்ணுங்க” என்றார்.

நான் உட்கார்ந்தேன். பிறகு என்னை ரெண்டு பேர் வந்து தூக்கினார்கள். இரண்டு டீமும் சிரித்த சிரிப்பில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்த ஆத்திரத்தில்தான், மாஸ்க்கைக்கூடக் கழற்றாமல், மைதானத்துக்கே கேட்கும்படி அதைச் சொன்னேன்: “இந்த மொட்டைக்கு அம்பது ஆயிருந்தா நானும் மொட்ட அடிச்சிக்கிறேன்யா!”

அடுத்த ஆள் அடித்தவுடன் மொட்டை ஹோமை நோக்கி ஓடிவந்தான். நான் வழியை அடைத்து நின்றேன். பந்துக்கு முன்னால் அவன் வந்துவிட்டான். அவன் முட்டி என் காலில் இடித்தது, அவன் தோள் என் மாஸ்க்கில் இடித்தது, மாஸ்க் என் முகத்துக்குள் போய்விட்டு வந்த மாதிரி இருந்தது. அவன் நொண்டிக்கொண்டே போனான், ஆனால் ரன் ரன்தான். நாங்கள் தோற்றோம்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தால், நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் கம்பிக் கட்டம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

“ஸ்பேர் பார்ட் வாங்கப் போனீங்களா, மீன் வலையில மாட்டிக்கினீங்களா?” என்றாள் காஞ்சனா.

“ஒர்க்‌ஷாப்புல கிரில் கதவு. கவனிக்கல, இடிச்சிக்கினேன்” என்றேன். அவள் நம்பவில்லை. ஆனால் வாசலில் கார் சத்தம் கேட்டது, கேள்வியை ஒத்திவைத்தாள்.

காரிலிருந்து பையன் இறங்கினான். அவன் அம்மா இறங்கினார். பிறகு, கதவைப் பிடித்துக்கொண்டு, வலது காலை மெதுவாக ஊன்றி, சந்தனம் பூசிய ஒரு மொட்டை இறங்கியது.

போன தடவை வந்தபோது சம்பந்தி ரங்கநாதத்துக்குத் தலை நிறைய நரைமுடி, உதட்டை மூடிய மீசை. மீசைக்குப் பின்னாலிருந்து நாலு வார்த்தைதான் பேசினார். அந்த முடிக்கும் மீசைக்கும் அடியில் இந்த முகம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவரும் காலையில் பார்த்தது கம்பி மாஸ்க்கை. இப்போது அவர் என் முகத்தில் இருந்த கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் அவர் முட்டியைப் பார்த்தேன்.

உள்ளே பவித்ரா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நிற்கிறாள். யாரையும் எதுவும் கேட்காதே என்று சொன்ன பெண்ணின் மாமனாரை, உன் அப்பன் வரவில்லையா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவர் வாயைத் திறந்தால் இந்த இடமும் போயிற்று. அதற்கப்புறம் என் மகள் என் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

“கால்ல இன்னாங்க?” என்று காஞ்சனா அவரை விசாரித்தாள்.

பதில் சொன்னது சம்பந்தியம்மா. “அத ஏன் கேக்குறீங்க! நேத்தே மலையிலேர்ந்து எறங்கிட்டோம். இன்னிக்குக் காலையில இவரு மட்டும் இன்னொரு தரம் கோயிலுக்குப் போயி வரேன்னு போனாரு. பெரியவங்க க்யூவுல நின்னாராம். பின்னால ஒருத்தன், நீ முப்பத்தஞ்சு வயசுக்காரன், இந்த க்யூவுக்கு வராதேன்னு சண்டையே போட்டானாம். தள்ளுமுள்ளுல கால்ல அடி. ஆனா ஒண்ணு, அந்த நேரத்துலேர்ந்து கார் கண்ணாடியிலயே மூஞ்சியப் பாத்துக்கினு வராரு!”

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. இவரும் பெண்டாட்டிக்குத் தெரியாமல் விளையாட வந்தவர்தான்! சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“எனக்கு அம்பத்தெட்டு ஆவுது. அந்த ஆளு நம்பவே இல்ல. நீங்க சொல்லுங்க, பாத்தா எவ்ளோ சொல்லலாம்?”

நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒருவரைப் பார்த்து நினைத்ததை நினைத்தபடியே சொல்வது நல்லதாக முடிந்தது.

“முப்பத்தஞ்சு தாண்டாதுங்க.”

சம்பந்தியின் முகம் மலர்ந்தது. “இன்னும் ஏன் நிக்கிறீங்க? தட்ட எடுங்கம்மா” என்றார்.

தட்டு மாற்றினோம். கிளம்பும்போது அவர் எல்லோர் காதிலும் விழும்படி, “சம்பந்தி, உங்களுக்கும் மொட்ட வேண்டுதல் ஒண்ணு இருக்குதுன்னு சொன்னீங்களே, மறந்துடாதீங்க” என்றார். காஞ்சனா நெகிழ்ந்துபோனாள். மகள் கல்யாணத்துக்காக இந்த மனுஷன் சொல்லாமல் கொள்ளாமல் வேண்டிக்கொண்டிருக்கிறாரே என்று. முகூர்த்தத்துக்கு முன்னால் அவளே என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தாள்.

மொட்டை அடித்தால் எனக்கும் வயது குறையும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. கல்யாண மண்டபத்தில் சித்தூர்ப் பாட்டியம்மா ஒருவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “பொண்ணுக்குத் தாத்தாவா?” என்று கேட்டார். “இல்லம்மா, நான் பொண்ணோட அப்பா” என்றேன். அவர் நம்பவில்லை.

பக்கத்தில் நின்ற சம்பந்தி, சாஃப்ட்பால் கூட்டம் மொத்தமும் சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியில், குரலை உயர்த்தினார். “எனக்கும் சந்தேகமாத்தான் இருக்குது. கைய ஊணாம குந்தி எழுந்திருக்கச் சொல்லுங்க, தெரிஞ்சிடும்.”

பந்தியே சிரித்தது. காஞ்சனா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், கிரில் கதவு, ஸ்பேர் பார்ட் எல்லாம் ஒன்றாக விளங்கிவிட்டது தெரிந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதைச் சந்தேகப்பட்டாலும், பால் தண்ணியா இருக்கே என்று சொன்னால்கூட, யாரும் பதில் சொல்வதில்லை. பவித்ரா வந்திருந்தால் ஆள்காட்டி விரலால் தரையைக் காட்டுகிறாள். உட்கார்ந்து எழுந்து காட்டிவிட்டு, மேலே பேச வேண்டுமாம்.