ஈரமில்லாத ஈரநிலம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் செய்த மகத்தான காரியம், ஒரு ஈரநிலத்தை ஈரமே இல்லாமல் மீட்டெடுத்ததுதான். செய்தவர் கடலோர ஈரநில மீட்பு அலுவலகத்தின் இயக்குநர். அதைக் கிட்டத்தில் இருந்து பார்க்கும் பாக்கியம் அங்கே வேலை பார்த்த நில அளவையாளருக்குக் கிடைத்தது.

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'சேத்துக்கால்'. மற்றவர்கள் சதுப்பு நிலத்தைக் கணினித் திரையில் ஆராய, இவள் மட்டும் அதில் இறங்கி நடந்துவிட்டு வந்து அலுவலகத் தரையைப் பாழாக்குவாள். ஆராய்ச்சி மனப்பான்மை போதாது.

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். கடல் ஏறி வருகிறது. கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள் வளர்ந்தால் அலை அடங்கும், நண்டும் நாரையும் திரும்பும். ஓடையைப் பாதி அடைத்துக்கொண்டிருந்த பழைய கரையை இரண்டு இடத்தில் வெட்டிவிட்டால் போதும். அலை சதுப்பில் பரந்து போய்வரும், விதைகளை அதுவே கொண்டுவந்து ஊன்றிவிடும் என்று அவள் அறிக்கை எழுதிக் கொடுத்தாள். ஓடைக்கு அடுத்த பள்ளத்தில்தான் அவள் வீடு. ஆகவே பொதுநலத்தோடு கொஞ்சம் சொந்த நலமும் கலந்திருந்தது.

"அலையே நட்டுடும்னா, தொடக்க விழாவுக்கு வர்ற தலைவர் எதை நடுவாரு?" என்றார் இயக்குநர்.

அதற்கு அறிவியலில் பதில் இல்லை. தலைவர் வெள்ளை ஷூ போடுபவர் என்பது அடுத்த சிக்கல். மூன்று மணி நேர ஆலோசனைக்குப் பிறகு, நாற்பது லாரி கிராவலைக் கொட்டிச் சதுப்பை 'விழாவுக்கு உகந்த நிலைக்கு உயர்த்துவது' என்று முடிவாயிற்று.

இயக்குநர் எந்தக் கோப்பையும் படிப்பதில்லை. கீழே இருப்பவர் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடுவார். படித்தால் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் வேலை நிற்கும் என்பது அவருடைய நிர்வாகத் தத்துவம். கிராவல் கோப்பில் குறி போட்டு நீட்டும்போது அவள் கேட்டாள்.

"சார், மேடாக்கிட்டா உள்ள வர்ற தண்ணி எங்க போகும்?"

"போற இடத்துக்குப் போகும்மா. அது வேற துறை."

விழா அமோகம். கிராவலில் கயிறு பிடித்த மாதிரி ஐந்நூறு கன்றுகள். விருந்தினருக்கு டேங்கரில் குடிநீர். 'இந்நிலத்தை மீட்டவர்' என்று இயக்குநர் பெயர் பொறித்த கருங்கல் கல்வெட்டு. லாரி ஓட்டும் அவள் தம்பி எட்டு லோடு அடித்துவிட்டு வந்து, இயற்கைக்கு நம்மால் ஆனது என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

அடுத்த பௌர்ணமிக்கு அலை வந்தது. சதுப்பு மேடாகிக் கிடந்ததைப் பார்த்தது. திரும்பி நேராக இவர்கள் வீட்டுக்குள் நுழைந்தது. பிறகு அது பழக்கமாகிவிட்டது. கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து வாழ்ந்தார்கள். கிராவலில் கன்றுகள் துடைப்பக் குச்சியாகக் காய, மிதந்து வந்த விதைகள் இவர்கள் கொல்லையில் வேரூன்றி நாலு இலை விட்டன. துணி காயும் கொடியில் நாரை உட்கார்ந்தது. நண்டு ஒன்று அடுப்படிக்கே குடிவந்தது.

"ஏன்க்கா, இந்த நண்டு நம்ம வீட்டு ஆளா, உன் ஆபீஸ் ஆளா?" என்றான் தம்பி, கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"ஆபீஸ் ஆளா இருந்தா இந்நேரம் இவ்ளோ தூரம் நகர்ந்திருக்காதுடா."

மூன்றாம் மாதம், மேலிடத்து மதிப்பீட்டுக் குழு வரப்போவதாகத் தகவல் வந்தது. உயிருள்ள கன்று ஒன்றாவது வேண்டும். யாரோ சொல்லக் கேட்டு இயக்குநரே நேரில் வந்தார். கொல்லையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"இதாம்மா நம்ம திட்டப் பகுதி!"

"சார், இது என் வீடு."

"ஈரநிலத்துக்குள்ள வீடு கட்டலாமா? அதுவும் நீங்க, இந்த ஆபீஸ்லயே இருந்துக்கிட்டு?"

ஆக்கிரமிப்பை அகற்றப் பதினைந்து நாள் கருணையோடு அவகாசம் தந்தார். அளந்து, நோட்டீஸ் தயாரித்து, மறுநாளே கையெழுத்துக்கு வைக்க வேண்டியது நில அளவையாளரின் பொறுப்பு என்பதையும் நினைவூட்டிவிட்டுப் போனார்.

"உன் வீட்டுக்கு நீயே நோட்டீஸ் எழுதுவியாக்கா?"

"அளந்து பாத்து எழுதுவேன். இருக்கறத இருக்கறபடி."

விடிந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள். அளந்தாள். படிவத்தை நேர்மையாக நிரப்பினாள். ஈரநிலத்தின் மேலுள்ள ஆக்கிரமிப்பு: கிராவல், நாற்பது லோடு. ஆக்கிரமிப்பாளர்: இயக்குநர், பெயர் கல்வெட்டில் காண்க. நடவடிக்கை: பதினைந்து நாளில் அள்ளிவிட்டு, கரையை வெட்டி அலைக்கு வழிவிடுதல். அடியில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

பூமியைக் காப்பாற்றுவது பற்றி யாருக்கோ போனில் விளக்கிக்கொண்டே இயக்குநர் கையெழுத்துப் போட்டார்.

குழு வந்து இறங்கியபோது தம்பி முதல் லோடை அள்ளிக்கொண்டிருந்தான். 'இந்நிலத்தை மீட்டவர்' என்ற எழுத்துக்களுக்குக் கீழே, 'இந்நிலத்தை ஆக்கிரமித்தவர்' என்ற நோட்டீஸ், அவருடைய கையெழுத்தோடேயே ஒட்டியிருந்தது. குழுத் தலைவர் கல்வெட்டைத் தொட்டுப் பார்த்து, விரலைத் துடைத்துக்கொண்டார்.

திட்டம் தொடங்கிய நாளிலிருந்து அந்த ஈரநிலத்தில் ஈரமாக இருந்த முதல் பொருள், அவள் நோட்டீசுக்குத் தடவிய பசைதான்.