முள்ளுக்காட்டுக்குப் போய் வந்த கௌதாரி

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. காட்டுக்கு எதற்குப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். பக்கத்துக் காட்டில் இருந்தது, அதனால் இங்கேயும் இருந்தது. அதற்குள் ஓடைக்கரையில், நல்ல நிழல் பார்த்து ஒரு கட்டடம் கட்டி, 'அயல்காட்டு வளர்ச்சி ஆய்வு மையம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயருக்கேற்றபடி அந்த மையம் அயல்காடுகளைப் பற்றி மட்டுமே கவலைப்படும். உள்ளூர் மான்கள் வந்து ஓடையில் சாயத்தண்ணீர் கலக்கிறது என்று அழுதால், "அடடா, நீங்க வேற காட்டுல இருந்திருந்தா கண்டிப்பா ஏதாவது செஞ்சிருப்போமே" என்று டீ கொடுத்து அனுப்பிவைப்பார்கள்.

மையத்தின் வாசலில் ஒரு பெரிய பலகை. அங்கே வேலை பார்ப்பவர்களின் படங்களும், படத்துக்குக் கீழே அவரவருடைய பணிப் பின்னணியும் அதில் இருக்கும். தன்னைப் பற்றித் தானேதான் எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் யாரோ மூன்றாம் ஆள் மெய்சிலிர்த்துப்போய் எழுதியதுபோல 'இவர்', 'அவர்' என்று எழுத வேண்டும். அங்கே அதுதான் முறை.

நரி குலசேகரனின் படத்துக்குக் கீழே இப்படி இருந்தது: 'கோழிச் சமூகங்களுடன் மிக நெருக்கமாகப் பணியாற்றியவர். இவர் பணியாற்றிய இடங்களில் எல்லாம் கோழிகளின் இடநெருக்கடி பெருமளவு குறைந்துள்ளது.' கொக்கு நீலமேகம், மீன்வளத் துறையில் நீண்ட களப்பணி செய்தவர். பேசுவதைவிடப் பொறுமையாகக் கவனிப்பதில் நம்பிக்கை உள்ளவர். ஒரு குயில் அம்மாள் குழந்தை வளர்ப்பில் காகங்களோடு சேர்ந்து கூட்டுத் திட்டங்கள் நடத்தியிருந்தார். இயக்குநர் வரையாடு தாண்டவராயர், எந்தப் பாறையிலும் ஒரு பருவத்துக்கு மேல் நின்றதில்லை. அதைப் 'பரந்த அனுபவம்' என்று போட்டிருந்தார். பலகையில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. அப்படியொரு நேர்மையான நிறுவனம்.

பலகையில் படமில்லாமல் உள்ளே ஒருத்தி வேலை பார்த்தாள். கௌதாரி பொன்னுத்தாய். எம்.ஏ. படித்தவள், தற்காலிக ஆய்வு உதவியாளர். தற்காலிகம் என்றால் அங்கே ரொம்ப காலம் என்று அர்த்தம். அவள் சொந்த ஊர் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் முள்ளுக்காடு. மழை அங்கே வருவதைவிட நிருபர்கள் வருவது அதிகம். அவளுடைய தங்கச்சி இருளாயி குஞ்சுகளோடு இன்னும் அங்கேதான் கிடந்து அல்லாடினாள். போன கோடையில் இருளாயியின் கடைக்குட்டி தண்ணீர் கிடைக்காமல் செத்துப்போனது. சேதி வந்த அன்றைக்குப் பொன்னுத்தாய் 'வறட்சியும் வாய்ப்புகளும்' என்ற அறிக்கைக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். லீவு கேட்டாள். தற்காலிகப் பணியாளருக்கு லீவு கிடையாது என்றார்கள். அழுதுகொண்டே பிழை திருத்தினாள்.

வேலை நிரந்தரமானால் வளாகத்துக்குள் ஓடையை ஒட்டி ஒரு புதர் ஒதுக்குவார்கள். நெருங்கிய உறவினரை அங்கே கூடவே வைத்துக்கொள்ளலாம். அடுத்த கோடைக்குள் தங்கச்சியையும் குஞ்சுகளையும் எப்படியாவது அந்தப் புதருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் முள்ளுக்காட்டுப் பிரிவுக்கு நிரந்தர ஆய்வாளர் தேவை என்று அறிவிப்பு வந்தது. நமக்கென்றே போட்டிருக்கிறார்கள் என்று பொன்னுத்தாய் நினைத்தாள். பாவம், அவள் எம்.ஏ. மட்டும்தான் படித்திருந்தாள்.

நேர்காணலில் தாண்டவராயர் நடுவில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் கொக்கு, அந்தப் பக்கம் நரி.

"உங்க பின்னணி சொல்லுங்கம்மா" என்றார் தாண்டவராயர்.

"முள்ளுக்காட்டுல பிறந்தேங்கய்யா. அங்கதான் வளர்ந்தேன்."

"சந்தோஷம். முள்ளுக்காட்டுல அனுபவம் ஏதாவது உண்டா?"

"அதாங்கய்யா சொன்னேன். பிறந்து, வளர்ந்து..."

கொக்கு நீலமேகம் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "பிறக்கிறது அனுபவம் ஆகாதும்மா. அது எல்லாருக்கும் நடக்கிறதுதான். நீங்க முள்ளுக்காட்டுக்குப் போயிருக்கீங்களா?"

"அங்க இருந்துதாங்கய்யா வந்தேன்."

"வந்தீங்க, சரி. போனீங்களா?"

பொன்னுத்தாய் யோசித்துப் பார்த்தாள். வந்த பிறகு ஒரு தடவைகூடப் போகவில்லை. லீவு கொடுத்தால்தானே போக?

"இங்க பாருங்க" என்றார் தாண்டவராயர். "நம்ம நீலமேகம் அங்க போயிட்டு வந்திருக்கார். ஒரு மத்தியானம் பூரா தங்கியிருக்கார். அதனால அவர் முள்ளுக்காட்டு நிபுணர். உங்களுக்கு அந்த ஊர் பழகிப்போச்சும்மா. பழகின கண்ணுக்கு என்ன தெரியும் சொல்லுங்க."

நரி குலசேகரனுக்கு இளகின மனசு. கோழிகளே சொல்லும், சொல்ல அவை இருந்தால். "கொஞ்சம் பொறுங்க சார். அடுத்த வாரம் குழு அங்க போகுதில்ல, இந்தப் பொண்ணும் கூடப் போயிட்டு வரட்டுமே. அனுபவம் வந்துடும்" என்றார். பிறகு பொன்னுத்தாயின் பக்கம் திரும்பினார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கம்மா. தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்கன்னு அங்க யாரும் இருக்கக் கூடாது. இருந்தா அது களப்பணி இல்லை. நீ ஊருக்குப் போயிட்டு வந்தேன்னு ஆயிடும்."

குழு போவது முள்ளுக்காட்டின் வடக்கு மேட்டுக்கு. இருளாயி இருப்பது தெற்கே. பார்க்க நேராது என்று தைரியம் சொல்லிக்கொண்டு பொன்னுத்தாய் படகில் ஏறினாள். கழுத்தில் அட்டை, தலையில் தொப்பி. கூடவே குழுவினர் குடிக்க கேன் கேனாகத் தண்ணீர். ஆனால் அக்கரை போனதும் கொக்கு நீலமேகம் வெயிலைப் பார்த்தார், வடக்கு மேட்டைப் பார்த்தார். "தெற்கே ஒரு மரம் தெரியுது. களம்னா எல்லாம் களம்தானே" என்று அந்தப் பக்கம் நடந்தார்.

சொந்த மண்ணில் கால் வைத்ததும் அதைக் கிளறிப் பார்க்க வேண்டும் என்று பொன்னுத்தாயின் கால் பரபரத்தது. அட்டையைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

குடைவேல மரத்தடியில் கூட்டம் கூடியது. முயல், ஓணான், கிழட்டு உடும்பு எல்லாம் வந்து உட்கார்ந்தன. பிஸ்கட் தருவார்கள் என்று அவற்றுக்குத் தெரியும்.

நீலமேகம் மைக்கைப் பிடித்தார். "உங்க முதல் மூணு பிரச்சினை என்னன்னு வரிசையாச் சொல்லுங்க."

"தண்ணிங்க" என்றது உடும்பு.

"நல்லது. ரெண்டாவது?"

"அதுவும் தண்ணிதாங்க."

"மூணாவது?"

உடும்பு தயங்கித் தயங்கிக் கேனைக் காட்டியது. "அதுக்குள்ள இருக்கே, அதுங்க."

'பிரச்சினைகளை வகைப்படுத்தத் தெரியவில்லை. பயிற்சி தேவை' என்று நீலமேகம் குறித்துக்கொண்டு, தொண்டையை நனைக்க ஒரு மடக்குக் குடித்தார்.

அப்போதுதான் வேலிப்பக்கம் இருந்து குஞ்சுகளை இழுத்துக்கொண்டு இருளாயி ஓடிவந்தாள்.

"அக்கா! ஏக்கா! எங்கக்கா வந்திருக்கு!" என்று கத்திக்கொண்டே வந்தாள். "எம்புட்டு நாளாச்சுக்கா. என்னக்கா இப்படி எளைச்சுப் போயிட்ட?"

அவள்தான் எலும்பும் தோலுமாக நின்றாள். அவள்தான் கேட்டாள்.

நீலமேகத்தின் கழுத்து மெல்லத் திரும்பியது. "பொன்னுத்தாய், இவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

பொன்னுத்தாய் தங்கச்சியைப் பார்த்தாள். பின்னால் நின்ற குஞ்சுகளைப் பார்த்தாள். அலகைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கின. ஆமாம் என்று சொன்னால் இது களப்பணி இல்லை. வேலை போய்விடும், புதரும் போய்விடும், இந்தக் குஞ்சுகள் இங்கேயே இன்னொரு கோடையைப் பார்க்க வேண்டும். எல்லாம் இதுகளுக்காகத்தானே, ஒரே ஒரு வார்த்தைதானே என்று நினைத்தாள்.

"தெரியாதுங்கய்யா" என்றாள்.

இருளாயி நின்றுவிட்டாள். அவள் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை. அட்டையைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள். ஒரு குஞ்சு மட்டும் அவள் சிறகைப் பிடித்து இழுத்து, "அம்மா, அது நம்ம பெரியம்மாதானே?" என்று கேட்டது.

"இல்லப்பா. அவுக ஆபீசரு" என்றாள் இருளாயி.

நீலமேகத்துக்குப் பரம திருப்தி. 'உள்ளூர்ப் பறவைகள் நம் குழுவினரை உடன்பிறந்தவர்களாகவே கருதி உரிமையோடு அழைக்கின்றன' என்று எழுதிக்கொண்டார். "இவ்வளவு நம்பிக்கை வெச்சிருக்காங்களே, இவங்களையே பேட்டி எடுத்துடுங்க பொன்னுத்தாய்" என்றார்.

பொன்னுத்தாய் எதிரே போய் உட்கார்ந்தாள். "பேரு சொல்லுங்க" என்றாள். அந்தப் பேரை வைத்தவளே அவள்தான்.

"இருளாயிங்க."

"குடும்பத்துல எத்தனை உருப்படி?"

"போன வருசக் கணக்கா, இந்த வருசக் கணக்காங்க?" என்று கேட்டாள் இருளாயி. பொன்னுத்தாயால் அதற்கு மேல் ஒன்றும் கேட்க முடியவில்லை. மீதியைத் தானே நிரப்பினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திரும்பும்போது படகில் முகத்தைத் தொப்பியால் மறைத்துக்கொண்டு அழுதாள். புதருக்குள் கொண்டுவந்து உட்காரவைத்து எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னால் அவளுக்குப் புரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வேலை கிடைத்தது. பலகையில் பொன்னுத்தாயின் படம் ஏறியது. கீழே அவளே எழுதிய பின்னணி: 'முள்ளுக்காட்டில் நேரடிக் களப்பணி ஆற்றியவர். உள்ளூர்ப் பறவைகளின் மொழியை வியக்கத்தக்க வேகத்தில் கற்றுக்கொண்டவர்.' இதிலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவள் முட்டையை விட்டு வந்த சில நாளிலேயே பேச ஆரம்பித்தவள்தான்.

புதரும் ஒதுக்கினார்கள். அன்றைக்கே குடியிருப்புப் பிரிவுக்கு ஓடினாள். அங்கே எருமை ஒன்று கோப்புகளுக்கு நடுவில் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"கூட வந்து தங்குற உறவினர் யாரும்மா?"

"தங்கச்சிங்க. இருளாயி. முள்ளுக்காட்டுல இருக்கா."

எருமை அசைபோடுவதை நிறுத்தியது. "நீலமேகம் சார் அறிக்கையில வர்ற இருளாயியா? அவங்களுக்கும் உங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைன்னு முன்னுரையிலேயே அடிச்சிருக்கே. நாலு காட்டுக்கும் அறிக்கை போயாச்சும்மா. இப்ப வந்து தங்கச்சின்னா?"

பொன்னுத்தாய் அங்கே நிற்கவில்லை. நேராக இயக்குநர் அறைக்குள் நுழைந்தாள். "ஐயா, நான் பொய் சொல்லிட்டேன். அவ என் கூடப் பிறந்தவ. வெயில் ஏறிட்டே போகுதுங்கய்யா."

தாண்டவராயர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அவசரப்படாதீங்க. பொய்யுன்னு சொன்னா களப்பணி செல்லாது. அது செல்லலைன்னா வேலை இல்லை. வேலை இல்லைன்னா புதர் இல்லை. புதரே இல்லைன்னா தங்கச்சியை எங்க வைப்பீங்க? அவங்க உங்க தங்கச்சியா இல்லாத வரைக்கும்தான் நம்மால அவங்களுக்கு ஏதாவது செய்ய முடியும்."

அறையின் மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நரி குலசேகரன் தலையை நீட்டினார். "உறவினரா கூட்டிட்டு வரத்தானே விதி இடிக்குது? ஆய்வுக்காகக் கூட்டிட்டு வரலாமே. 'இடம்பெயர்ந்த கௌதாரிக் குடும்பம், நீண்டகாலக் கண்காணிப்பு'ன்னு ஒரு திட்டம் போடுங்க. ஆய்வாளர் புதர்லயே வெச்சுக்கலாம். என் கோழிகளையெல்லாம் அப்படித்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றார். பிறகு என்னவோ ஞாபகம் வந்தவராக மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

இப்படியாக, கோடை உச்சத்துக்குப் போகும் முன்பே இருளாயியும் குஞ்சுகளும் ஓடைக்கரைப் புதருக்கு வந்து சேர்ந்தார்கள். கூண்டு கிடையாது, எல்லாம் மரியாதைதான். காலில் ஆளுக்கு ஒரு எண் வளையம் மட்டும் மாட்டினார்கள். குஞ்சுகள் ஓடைத் தண்ணீரை முதன்முதலாகப் பார்த்தபோது குடிக்காமல் பயந்து ஓடின. பிறகு குடித்தன, குளித்தன, கொழுத்தன. அதைப் பார்த்துப் பொன்னுத்தாய்க்கு நெஞ்சு நிறைந்தது. நினைத்ததை முடித்துவிட்டாள், இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வந்த அன்றைக்குச் சாயங்காலமே தங்கச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "இருளாயி, அன்னைக்கு நான் ஏன் அப்படிச் சொன்னேன்னா..."

"கேள்வி ஏதும் இருந்தாக் கேளுங்கம்மா" என்றாள் இருளாயி. "புள்ளைகளுக்குத் தண்ணி காட்டணும்."

கூடப் பிறந்த அக்காவை வாங்க போங்க என்று பேசினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று பொன்னுத்தாய்க்கு இருந்தது.

தினமும் காலையில் பேட்டி. பொன்னுத்தாய் புதருக்குள் இருந்து வெளியே வந்து, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு, மறுபடி புதருக்குள் போய், "வணக்கம்ங்க, உள்ள வரலாமா?" என்று கேட்க வேண்டும். "வாங்க" என்பாள் இருளாயி. கேட்ட கேள்விக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்வாள்.

ஒருநாள் தூரத்துக் காட்டில் இருந்து, மையத்துக்குப் பணம் கொடுக்கும் பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள், அதாவது ஒட்டகங்கள். இயக்குநர் அவர்களைப் புதர்ப்பக்கம் அழைத்துவந்து ஓரமாக நிற்கவைத்தார். பொன்னுத்தாய் டேப்லெட்டில் அன்றைய கேள்வியைத் திறந்தாள். கேள்விகளைத் தயாரிப்பது கொக்கு நீலமேகம், வாசிப்பது மட்டும்தான் அவள்.

"வெளிக்காட்டுல வேலை பார்க்கிற உறவினர் யாராவது உங்களுக்கு இருக்காங்களா?" என்று வாசித்தாள்.

இருளாயி குஞ்சுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு அக்கா இருந்துச்சுங்க."

"இப்ப எங்க இருக்காங்க?"

"படிக்கப் போச்சு. போன எடத்துல என்ன ஆச்சோ, ஏதாச்சோ. திரும்பி வரவே இல்லைங்க. கடைக்குட்டி செத்தப்பகூட வந்துரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

 அந்தக் கேள்விக்கு டேப்லெட்டில் இரண்டே விடைகள்தான் இருந்தன: 'தொடர்பில் உள்ளார்', 'தகவல் இல்லை'. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுத்தாய் இரண்டாவதை அழுத்தினாள்.

"எவ்வளவு ஆழமான தரவு பாத்தீங்களா!" என்று தாண்டவராயர் ஒட்டகங்களிடம் கிசுகிசுத்தார். "நிபுணர் ஒருத்தர் பக்கத்துலயே இருந்து கேட்டாத்தான் இதெல்லாம் வெளிய வரும்." ஒட்டகங்கள் கண் கலங்கிக் கைதட்டின. திட்டத்தை இன்னும் ஐந்து கோடைக்கு நீட்டித்தார்கள்.

நீதி: சொந்தக்காரர்களைக் காப்பாற்ற நினைப்பவர்கள் முதலில் அவர்களைத் தெரியாது என்று சொல்லிப் பழக வேண்டும். அதற்குப் பிறகு காப்பாற்றுவதில் ஒரு சிரமமும் இருக்காது.