உன் அக்காவின் நாற்பத்தாறு நிமிடம்

கப்பலில் இருக்கும் மைத்துனனுக்குக் கரையில் இருக்கும் அத்தான் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அக்காவுக்கு மட்டும் என் மேல் கொஞ்சம் கோபம், அதன் விவரம் கீழே வருகிறது. நீயும் உன் எஞ்சின்களும் சூடு அதிகமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இத்துடன் ஒரு டிஸ்க் வைத்திருக்கிறேன். போன வருஷம் உன் அக்கா தொலைக்காட்சி வினாடி வினாவில் கலந்துகொண்டாளே, அந்த நிகழ்ச்சி. ஒரே ஒரு முறை, வேலை நாளில் மத்தியானம் போட்டார்கள். நீ நடுக்கடலில் இருந்தாய். உன் அக்காவோ வெட்கப்பட்டுக்கொண்டு அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. நான்தான் கேபிள் பெட்டியில் பதிவு செய்து, அவள் கடைக்குப் போகும்போதெல்லாம் போட்டுப் பார்த்துவந்தேன். படப்பிடிப்புக்கு நான் போகவில்லை என்பது உனக்குத் தெரியும். முட்டி வலி. தவிர, இந்த வயதில் டிவியில் போய் நிற்பது எதற்கு என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். விட்ட பிறகு பின்னாலேயே போய் உட்கார்ந்து கைதட்டுவது நன்றாக இருக்குமா? வீட்டில் படுத்துக் கிடந்தேன்.

போன வாரம் கேபிள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பழைய பெட்டியை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்ள வேண்டுமாம். உள்ளே இருக்கும் பதிவுகள் பெட்டியோடு போய்விடும், புதியதற்கு மாற்றித் தர முடியாது என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். டிஸ்கில் பதியும் மெஷின் ஒன்றை அன்றைக்கே வாங்கி வந்தேன். பெட்டியையும் மெஷினையும் ஒற்றைத் தடி வயரால் இணைத்துப் பொத்தானை அழுத்தினால், இதை நகலெடுக்க அனுமதி இல்லை என்று திரையில் வருகிறது. முப்பத்து மூன்று வருஷமாக என் மனைவி, அவள் முகத்தை நகலெடுக்க யாரிடம் அனுமதி கேட்பது? கம்பெனிக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள், ஹெச்.டி. படம் அந்த வயர் வழியாக டிஸ்குக்குப் போகாது, கலர் வயர்களைப் போட்டுப் பாருங்கள் என்று.

செவ்வாய்க்கிழமை மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வயர் போட்டேன். இந்த முறையில் நிகழ்ச்சி ஓடும் நேரம் முழுக்கப் பதிவும் ஓடியாக வேண்டும். நாற்பத்தாறு நிமிடம் என்றால் நாற்பத்தாறு நிமிடம்தான். அந்தக் காலத்தில் ரேடியோ முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துப் பாட்டுப் பிடித்தவன் நான். நடுவில் யாராவது இருமினால் இருமலும் பாட்டோடு சேர்ந்துவிடும். அந்த அனுபவத்தில் வாசல் மணியைக் கழற்றினேன், ஃபேனை அணைத்தேன், ஃபிரிட்ஜையும் நிறுத்தினேன். உன் அக்காவை அடுக்களை நாற்காலியில் உட்காரவைத்து மூச்சு விடக்கூடாது என்றேன். இருபதாவது நிமிடம் அவள் ஒரு சீட்டு எழுதிக் காட்டினாள், குளிக்கப் போகலாமா என்று. தண்ணீர் விழும் சத்தம் கேட்கும் என்று அதன் கீழேயே எழுதிக் கொடுத்தேன்.

டிஸ்கைப் போட்டுப் பார்த்தோம். அன்றைக்குத்தான் உன் அக்கா தன்னை முதல் முறையாக டிவியில் பார்த்தாள். சத்தம் சுத்தமாக இருந்தது. படம்தான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பதுபோல் மங்கலாக இருந்தது. ஹெச்.டி. போய்விட்டது. உன் அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "சுருக்கம் ஒண்ணும் தெரியலை. இதையே தம்பிக்கு அனுப்புங்க" என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நாலாவது கேள்விக்குச் சரியான விடை சொன்னதும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிக்கிறாள். இந்த வீட்டில் அந்தச் சிரிப்பை நான் இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருப்பேன். எனக்கு அது தெளிவாக வேண்டும், நீயும் அதைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். அவள் ஆறாவது கேள்வியில் தோற்றது எனக்குப் பெரிதாகவே படவில்லை.

புதன்கிழமை ஐந்து முனை வயர் வாங்கினேன். அதில்தான் ஹெச்.டி. போகுமாம். படத்துக்கு ஒரு சிவப்பு, சத்தத்துக்கு ஒரு சிவப்பு. இரண்டு சிவப்பையும் மாற்றிச் செருகியது எனக்குத் தெரியாது. மறுபடி மணி, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் நிறுத்தி, உன் அக்காவையும் உட்காரவைத்து எடுத்து முடித்தால், அவளும் கேள்வி கேட்பவரும் பச்சைப் பசேலென்று இருக்கிறார்கள், பேச்சோடு உறுமலும் வருகிறது. டிவி மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வயரைச் சரியாக மாட்டிவிட்டு, வீடு ஏன் இப்படிப் புழுங்குகிறது என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது தெரிந்தது. வயரில் வருவதுதான் பதிவாகும், வீட்டுச் சத்தம் எதுவும் போகாது என்றார். உன் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப ரெண்டு நாளா நான் தும்மலை அடக்கினது எதுக்கு?" என்றாள். கெட்டுப்போன பாலைக் கொட்டிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை கடைசி முயற்சி. உன் அக்கா பழிக்குப் பழியாக மிக்ஸியை ஓட்டினாள், மாடி வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வாசலில் நின்று உரக்கப் பேசினாள், தேவையில்லாமல் இரண்டு முறை தும்மினாள். நான் ரிமோட்டைக்கூடத் தொடாமல் கைகட்டி உட்கார்ந்திருந்தேன், தொட்டால் திரையின் அடியில் வரும் நீலக் கோடு படத்தின் மேல் பதிந்துவிடும். டிஸ்க் கண்ணாடிபோல் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. ஆகவே உலகத்தில் இருக்கும் ஒரே தெளிவான பிரதி இப்போது உன் கையில் இருக்கிறது. பெரிய திரையில் போட்டு, ஒவ்வொரு முகமாக நிதானமாகப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள், டெக்கில் ஈரத்தில் ஓடாதே. அடுத்த விடுமுறைக்கு நேராக இங்கேயே வந்துவிடு. உன் அக்காவின் அன்பும் என் ஆசியும் உனக்கு என்றும் உண்டு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்த பிறகு, டிஸ்க் சரியாக ஓடுகிறதா என்று கடைசியாக ஒரு தடவை போட்டோம். உன் அக்காவும் கூட உட்கார்ந்தாள். வீட்டிலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்று அவளைக் கேட்கும் இடம் வந்தது. யாரும் வரவில்லை, அவருக்கு முட்டி வலி என்று அவள் சொல்கிறாள். சட்டென்று ரிமோட்டை வாங்கிப் படத்தை நிறுத்தினாள். "என் தோளுக்குப் பின்னாடி, கடைசி வரிசையில, தொப்பி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கறது யாரு?" என்றாள். யாரோ என்னைப்போல் ஒருவர் என்றேன். "அந்தச் சட்டையில மூணாவது பொத்தான் மட்டும் பழுப்பு. வெள்ளை கிடைக்காம நான்தான் தைச்சேன்" என்றாள்.

சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ள வெட்கப்பட்டு, அவளிடம் சொல்லாமல் படப்பிடிப்புக்குப் போனேன். அவள் தோற்றதும் அவளுக்கு முந்தைய பஸ்ஸைப் பிடித்து வந்து படுத்துக்கொண்டேன். தோற்றதை நேரில் பார்த்தேன் என்று சொல்ல அன்றைக்கு மனம் வரவில்லை, அப்புறம் நாள் தள்ளிப்போய்விட்டது. உன் அக்கா திட்டவில்லை. வெகு நேரம் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டிஸ்கை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "இது என்கிட்ட இருக்கட்டும். தம்பிக்கு அந்த மங்கலை அனுப்புங்க" என்றாள்.

உன் கையில் இருப்பது செவ்வாய்க்கிழமை டிஸ்க். அதில் உன் அக்கா ஓரளவு தெரிவாள். என்னைத் தேடாதே.