தானாக நகராத கார்

"மோதின காரை ஓட்டுனது யாருய்யா?"

"நான்தேன்."

"மோதி அடிபட்டது?"

"அதுவும் நான்தேன்."

ஏட்டு விருமாண்டி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷ சர்வீசில் எத்தனையோ விபத்துக்கு வாக்குமூலம் எழுதியவர். ஆனால் ஓட்டினவனுக்கும் அடிபட்டவனுக்கும் ஒரே பெயர், ஒரே தகப்பன் பெயர் என்று அவர் இதுவரை எழுதியதில்லை. பெரியாஸ்பத்திரிக் கட்டிலில், இடது காலில் தொடைவரை மாவுக்கட்டோடு கிடந்த நல்லகாமனைச் சற்று நேரம் பார்த்தார்.

"ஒரே ஆளு காருக்குள்ளயும் இருந்துக்கிட்டு, காருக்குப் பின்னாடியும் எப்படிய்யா நிப்பே?"

"உள்ள நான் இல்ல ஏட்டய்யா. அது தானா வந்துச்சு."

"தொழுவத்துக்குத் தானா வாரதுக்கு அதென்ன எருமையாய்யா?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அவருக்கு விலா எலும்பு முறிவு. சிரித்ததற்காக உடனே வருத்தப்பட்டார்.

நடந்தது இதுதான். கப்பலூரில் சாயப்பட்டறை வைத்திருந்த சந்தானம், மெட்ராசில் ஏலத்துக்கு வந்த ஒரு வெளிநாட்டுக் காரை எடுத்து வந்திருந்தார். அதில் க்ளச் கிடையாது. கியர் தானே மாறிக்கொள்ளும். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு லீவர். 'பி'யில் வைத்தால் வண்டி நிற்கும், 'ஆர்' என்றால் பின்னால் போகும், 'டி' என்றால் முன்னால் போகும். டிரைவரான நல்லகாமனுக்கு முதல் ஒரு வாரம் இடது காலுக்கு என்ன வேலை கொடுப்பது என்றே தெரியவில்லை.

காருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சூடான எஞ்சினை அணைத்துவிட்டால் மறுபடி லேசில் கிளம்பாது. க்ளச் இல்லாததால் தள்ளிவிட்டும் கிளப்ப முடியாது. இது தெரியாமல் ஒரு தடவை பட்டறை ஆட்கள் பதினாறு பேர் அதைக் கப்பலூரிலிருந்து திருமங்கலம்வரை தள்ளினார்கள். கார் திருமங்கலம் போய்ச் சேர்ந்ததே தவிர, எஞ்சின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. அதற்குப் பிறகு சந்தானம் உத்தரவு போட்டார்: "சின்ன வேலைக்கெல்லாம் எஞ்சினை ஆஃப் பண்ணாதே. பி-யில போட்டுட்டு இறங்கு."

செவ்வாய்க்கிழமை காலை அப்படித்தான் இறங்கினான். முதலாளியை ஆபீஸ் வாசலில் விட்டுவிட்டு, லீவரை 'பி'க்குத் தள்ளி, எஞ்சினை ஓடவிட்டு, இரும்புக் கேட்டைச் சாத்தப் பின்பக்கம் நடந்தான். லீவர் பார்வைக்குத்தான் 'பி'யில் நின்றது. உள்ளே பல் சரியாக விழாமல் பாதியில் தொங்கியிருக்கிறது. எஞ்சின் நடுங்க நடுங்க அது நழுவி 'ஆர்'க்குள் விழுந்தது. முதுகைக் காட்டித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தவனைக் கார் கேட்டோடு வைத்து அழுத்தியது. கால் இரண்டு இடத்தில் ஒடிந்தது.

பார்த்த சாட்சி இல்லை. வாட்ச்மேன் சோணை குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் கோர்ட்டுல சொல்லு," என்றார் ஏட்டு. "பாரத்துல டிரைவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு. அதைக் காலியா விட்டா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாக." நல்லகாமனின் சட்டைப்பையிலிருந்த லைசென்சை எடுத்துக்கொண்டார். "கேசு முடியிற வரைக்கும் இது ஸ்டேசன்ல இருக்கும். தப்பு உன் மேலன்னு ஆச்சுன்னா ரத்துதேன்."

கால் ஒடிந்தபோதுகூட நல்லகாமன் இப்படிப் பதறவில்லை. பதினாலு வயதில் லாரி க்ளீனராக ஏறி, அடியும் உதையும் வாங்கி, இருபத்தாறு வயதில் வாங்கிய லைசென்ஸ் அது. வேறு தொழில் அவனுக்குத் தெரியாது. கால் கூடிவிடும், லைசென்ஸ் போனால் போனதுதான்.

தலைமாட்டில் நின்ற மனைவி அன்னக்கொடி மட்டும், "அவுக பி-யிலதேன் போட்டிருப்பாக. அந்தக் காருதேன் சரியில்ல," என்று வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னாள். கேட்டவர்கள் பாவம் என்று தலையாட்டினார்கள். நம்பியது அவள் ஒருத்திதான்.

சாயங்காலம் சந்தானம் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தார். நல்ல மனிதர்தான். காரைப் பற்றிப் பேசும்போது மட்டும் கொஞ்சம் மாறிவிடுவார்.

"நல்லகாமா, தானா நகர்ந்ததுன்னு சொன்னா எவன் நம்புவான்? எவனோ காரைத் திருட ஏறினான், ரிவர்ஸ் எடுத்தான், உன் மேல மோதிட்டு ஓடிட்டான்னு சொல்லு. உனக்கும் கேஸ் இல்லே, காருக்கும் கெட்ட பேர் இல்லே."

யோசிக்க யோசிக்க அது நல்ல வழியாகத்தான் தெரிந்தது. மறுநாள் ஏட்டிடம் அப்படியே சொன்னான். ஏட்டுக்கும் பரம திருப்தி. பாரத்தில் 'அடையாளம் தெரியாத நபர்' என்று எழுதினார், கட்டம் நிறைந்துவிட்டது. நிறைந்த கையோடு கப்பலூருக்குப் போய் வாட்ச்மேன் சோணையை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அந்த நேரத்தில் முதலாளியைத் தவிரப் பட்டறையில் இருந்த ஒரே ஆள் அவர்தானே.

சோணைக்கு அறுபது வயது. சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. ஒரு ராத்திரி ஸ்டேஷனில் இருந்துவிட்டு வந்தவரின் இடது காது கேட்கவில்லை. அவர் மனைவி நல்லகாமனின் கட்டிலுக்கு எதிரே நின்று, "ஒன் காலுக்கு எம் புருசன் காதா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். அவள் மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைக்கே ஏட்டைக் கூப்பிட்டு, திருடன் கதையைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"அப்ப பொய்த் தகவல் குடுத்தேன்னு இன்னொரு கேசும் ஆச்சு," என்றார் ஏட்டு. இப்போது நல்லகாமன் மேல் இரண்டு வழக்கு. இரண்டிலும் கால் ஒடிந்தவன் அவன்தான்.

மிச்சமிருந்த நம்பிக்கை பிரேக் இன்ஸ்பெக்டர். விபத்துக்குள்ளான வண்டியை அவர் சோதித்து, பழுது என்று ஒரு வரி எழுதிவிட்டால் டிரைவர் தப்பித்தான். அன்னக்கொடி பொழுது விடியும் முன்னே பஸ் ஏறி ஸ்டேஷன் வாசலில் போய் உட்கார்ந்தாள்.

கார் அங்கே வேப்பமரத்தடியில் இரண்டு வாரமாக நின்றது. பேட்டரி செத்திருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் நாகசுப்பிரமணியன் உள்ளே ஏறிக் குனிந்து காலடியில் வெகுநேரம் தேடினார்.

"க்ளச் எங்கேய்யா? யாராவது கழட்டிட்டீங்களா?"

சந்தானம் விளக்கிச் சொன்னார். இன்ஸ்பெக்டர் தெரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு, சாவியைத் திருகினார். எஞ்சின் கிளம்பவில்லை. பரவாயில்லை என்று லீவரைப் 'பி'யில் வைத்தார். கீழே இறங்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிஷம் நின்றார். காரும் நின்றது.

அன்னக்கொடிக்குப் பொறுக்கவில்லை. "சாமி, எஞ்சின் ஓடையிலதேன் அது நகந்துச்சு. அணைச்சுப் போட்ட காரு எங்கிட்டுப் போகும்?"

"ஏம்மா, சும்மா நிக்கிறப்பவே நகரலே. ஓடிக்கிட்டிருக்கிறப்பவா நகரும்?" என்றார் அவர்.

'ஐந்து நிமிடம் கவனித்ததில் வாகனம் தானாக நகரவில்லை. பழுது ஏதும் இல்லை. விபத்துக்கு ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம்' என்று ரிப்போர்ட் ஆகிவிட்டது.

அடுத்த வாரம் பேரையூரிலிருந்து அன்னக்கொடியின் அண்ணன் பேயாண்டி வந்தான். வாடகைக்கு ஒரு பழைய வேன் ஓட்டுகிறவன். தங்கச்சி மேலும் மாப்பிள்ளை மேலும் உயிரையே வைத்திருந்தான். ஸ்டேஷன், கோர்ட் என்று நெளிவுசுளிவு தெரிந்த ஆள்.

"மாப்ள, ஆனைக்கும் அடி சறுக்கும். ஆர்-ல போட்டுட்டுப் பி-ன்னு நெனச்சுப்புட்டேன்னு ஒத்துக்க. ஒன் காலப் பாத்தா ஜட்ஜுக்கே மனசு எரங்கும். அபராதத்தோட விட்டுருவாக. ஏட்டுக்கிட்டப் பேசிட்டேன், பொய்த் தகவல் கேசும் போயிரும், லைசென்சும் கைக்கு வந்துரும்."

"பி-யில போட்டது என் கையிக்குத் தெரியும் மச்சான்."

"கையி வந்து கோர்ட்டுல சாட்சி சொல்லுமா மாப்ள?"

அன்னக்கொடி இடையில் புகுந்தாள். "செய்யாத தப்ப எதுக்கு ஒத்துக்கணும்? காரு மேல தப்ப வச்சுக்கிட்டு?"

பேயாண்டி தங்கச்சியைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தான். புருஷன் சொல்வதை நம்புகிற பெண்ணை என்ன செய்வது என்கிற சிரிப்பு. அவனும் நம்பவில்லை. காராவது, தானாக நகர்வதாவது.

நல்லகாமன் பத்து நாள் தாக்குப்பிடித்தான். பதினோராவது நாள் கையெழுத்துப் போட்டான். வாசகத்தைச் சந்தானம்தான் சொல்லச் சொல்ல எழுதவைத்தார்: 'லீவரைத் தவறாகப் போட்டது நானே. மேற்படி காரில் எந்தக் குறையும் இல்லை. இதற்கு முன் அது ஒருபோதும் தானாக நகர்ந்ததும் இல்லை.' கடைசி வரி எதற்கென்று நல்லகாமன் கேட்டான். எழுத்து பலமாக இருக்கட்டும் என்றார் அவர்.

கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அடிபட்டவர் வந்திருக்காரா?"

"வந்திருக்கேன்யா," என்றான் குற்றவாளிக் கூண்டில் கட்டையை ஊன்றி நின்ற நல்லகாமன்.

மாஜிஸ்ட்ரேட் காகிதத்தை மறுபடி படித்தார். "குற்றவாளியை மன்னிக்க அடிபட்டவருக்கு ஆட்சேபணை உண்டா?"

"இல்லீங்கய்யா. அவன் தெரியாமச் செஞ்சுட்டான்."

கோர்ட்டே சிரித்தது. அபராதம், எச்சரிக்கை, அவ்வளவுதான். சிரிக்காதவள் அன்னக்கொடி. வெளியே புங்கமரத்தடியில் அவனை உட்காரவைத்து, கட்டையை வாங்கிச் சாத்திவிட்டு எதிரே நின்றாள்.

"நெசத்தச் சொல்லுங்க. பி-யிலதானே போட்டீக?"

நாலடி தள்ளி ஏட்டு பேயாண்டியோடு பேசிக்கொண்டிருந்தார். லைசென்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை. இவளுக்கு உண்மையைச் சொன்னால் இவள் ஊருக்குச் சொல்வாள். ஊர் ஸ்டேஷனுக்குச் சொல்லும். கேஸ் மறுபடி எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

"இல்ல புள்ள," என்றான். "நான்தேன் தப்பாப் போட்டுட்டேன். வெக்கமா இருந்துச்சு, அதான் காரு மேல சொன்னேன்."

"அப்ப நாந்தேன் வெவரம் தெரியாம ஊரெல்லாம் அந்தக் காரப் பழிச்சுக்கிட்டுத் திரிஞ்சேனாக்கும்," என்று சொல்லிவிட்டு அன்னக்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நல்லகாமனுக்குக் கால் ஒடிந்த இடத்தைவிட வேறொரு இடம் அதிகமாக வலித்தது. உலகத்தில் அவனை நம்பிய ஒரே ஆளையும் அவனே திருத்திவிட்டான்.

சந்தானம் வேலைக்குத் திரும்ப வரச் சொல்லவில்லை. "கால் சரியாகட்டும், பார்க்கலாம்," என்றார். அவர் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு மாதம் கழிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. நாகமலை புதுக்கோட்டையில் வீட்டுக்குள் கட்டையை ஊன்றி நாலு எட்டு வைக்க முடிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏட்டு வீடு தேடி வந்து லைசென்சைக் கொடுத்துவிட்டு, ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார். நல்லகாமன் அதைத் திறந்து திறந்து பார்த்தான். போட்டோவில் இருந்தவன் தைரியசாலியாகத் தெரிந்தான்.

மதியத்துக்கு மேல் தெருவில் ஹார்ன் சத்தம் கேட்டது. பேயாண்டி வேனை விற்றுவிட்டு வேறு வண்டி எடுத்துக்கொண்டு வருவதாக முன்னமே சொல்லி அனுப்பியிருந்தான். அந்த வண்டிக்கு மாப்பிள்ளைதான் டிரைவர் என்றும் சொல்லியிருந்தான். அன்னக்கொடி காலையிலிருந்தே தலைக்குக் குளித்து, சூடம், குங்குமம் எல்லாம் தட்டில் எடுத்து வைத்திருந்தாள். ஹார்ன் கேட்டதும் தட்டோடு வெளியே ஓடினாள். பல நாளைக்கு அப்புறம் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தான். லைசென்ஸ் வாங்கியது வீண்போகவில்லை என்று நல்லகாமனுக்கு அப்போதுதான் தோன்றியது.

பேயாண்டி உள்ளே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பூந்திப் பொட்டலத்தைப் பிரித்தான்.

"நல்லா இருக்கியா மாப்ள? மொதல்ல வாயத் தெற."

"வண்டி எதுன்னு சொல்லு மச்சான். யாருக்கிட்ட வாங்குனே?"

"சந்தானம் மொதலாளி காருதேன் மாப்ள, குறையே இல்லேன்னு நீ எழுதிக் குடுத்ததோட நகல அவரு காமிச்சாரு, ஒன் கையெழுத்த நம்பித்தேன் வாங்குனேன்," என்று பூந்தியை அவன் வாயில் வைத்தான் பேயாண்டி. "அணைச்சா மறுபடி கெளம்பாதாம்ல, அதுனால பி-யில போட்டு எஞ்சின ஓடவிட்டுட்டுத்தேன் வந்திருக்கேன், அன்னக்கொடி பின்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சுக்கிட்டிருக்கு, நீ மெதுவா எந்திரிச்சு வா."