பரம இரகசியம், நூற்றைம்பது பிரதிகள்

இராணுவத்தில் பதினொரு வருடம் நான் பார்த்த வேலை, இரகசியம் காப்பது. வயர்லெஸ் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு, காட்டுக்குள் யார் எங்கே நிற்கிறார்கள், எப்போது நகர்வார்கள் என்பதையெல்லாம் சங்கேதச் சொற்களில் அனுப்பிக்கொண்டிருந்தேன். அத்தனை வருடத்திலும் என்னிடமிருந்து ஒரு சொல் கசிந்ததில்லை. மிதிவெடியில் இடது காலின் கீழ்ப்பாதியும் இடது காதின் கேள்வியும் போன அன்றுகூட, சங்கேதத் தாளைக் கிழித்து விழுங்கிவிட்டுத்தான் மயங்கினேன். (விழுங்கியதாகத்தான் எனக்கு ஞாபகம். தாள் என் சட்டைப்பையில் பத்திரமாக இருந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.) இப்பேர்ப்பட்ட ஆள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பதினேழு பேரின் வீட்டு இரகசியங்களுக்கான திறவுகோலை நூற்றைம்பது பிரதி எடுத்து, அவர்களைப் பெற்றவர்களின் கையிலேயே கொடுத்தேன். எப்படியென்று சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் சிலாபத்து ஆள் ஒருவர் கிடந்தார். அவரிடம் ஒரு மௌத் ஓர்கன் இருந்தது. வாயைத் திறந்தால் ஏச்சைத் தவிர வேறொன்றும் வராத நாட்கள் அவை. தாதிமாரை ஏசினேன், சோற்றை ஏசினேன், இல்லாத காலை ஏசினேன். அவர் மௌத் ஓர்கனை என்னிடம் நீட்டினார். அதை வாயில் வைத்திருக்கும் நேரமாவது நான் ஏச மாட்டேன் என்று நினைத்திருப்பார். இரண்டு மாதத்தில் மூன்று பாட்டுப் பழகினேன். பிறகு ஒரு கொப்பியில் நாலு நாலு வரியாக எழுதவும் தொடங்கினேன். அந்த இரண்டும் இல்லாவிட்டால் நான் மனிதனாக ஊர் திரும்பியிருக்க மாட்டேன். இதை நான் எந்த மேடையிலும் சொல்லத் தயார்.

அப்படி ஒருமுறை சொன்னதுதான் வினையாகப் போனது. கற்பிட்டிப் பக்கம், களப்பு ஓரத்தில் இருக்கும் எங்கள் பாடசாலையின் அதிபர் அதைக் கேட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமைகளில் பாடசாலை விட்ட பிறகு பிள்ளைகளுக்குக் கவிதையும் இசையும் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். "புள்ளைகள் மனசில இரிக்கிறத சொல்லப் பழகணும் மாஸ்டர்" என்றார். அந்த "மாஸ்டர்" என்ற சொல்லில் நான் விழுந்துவிட்டேன்.

முதல் நாள் பதினேழு பேரையும் மூன்று வரிசையாக நிறுத்தினேன். "மனதில் உள்ளதைப் பயமில்லாமல் சொல்ல வேண்டும். ஆயத்தம்!" என்று கத்தினேன். முன்வரிசையில் ஒரு பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. மற்றவர்கள் நிலவைப் பற்றியும் தாயின் அன்பைப் பற்றியும் எழுதித் தந்தார்கள். பதினேழு பேரின் நிலவும் ஒரே நிலவு, பதினேழு பேரின் தாயும் ஒரே தாய்.

வேறு வழியில்லாமல் எனக்குத் தெரிந்த தொழிலைக் கொண்டுவந்தேன். வயர்லெஸ்ஸில் ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே வர முடியாது. பேசி முடித்தவர் "ஓவர்" என்று சொல்ல வேண்டும். அதுவரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். அதன்பின் கேட்டவர்கள், கேட்டது என்பதை அறிவிக்க வேண்டும். வகுப்பிலும் அதையே சட்டமாக்கினேன். ஒருவர் வாசிப்பார், "ஓவர்" என்பார், மற்றப் பதினாறு பேரும் "கேட்டது!" என்பார்கள். சிரிக்கவோ புத்தி சொல்லவோ யாருக்கும் அனுமதி இல்லை. சொல் வராமல் நிற்பவர்கள், பாடசாலையில் இருந்த றபான் என்ற வட்டக் கைப்பறையில் தட்டலாம். தட்டித் தட்டிச் சொல் வந்துவிடும்.

இரண்டு கிழமையில் நிலவு காணாமல் போய்விட்டது. பிள்ளைகள் வீட்டைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது.

ஷிபானா என்றொரு பிள்ளை. கணக்கில் கெட்டிக்காரி, அதிகம் பேசாதவள். ஒரு செவ்வாய்க்கிழமை எழுதிய தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாசிக்க ஏலா சேர். வாப்பாக்கு தெரிஞ்சா சரி வராது."

அவளுடைய வாப்பா மஜீத் நாநா, இரண்டு வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். ஊரில் எல்லோருக்கும் அவரிடம் கொஞ்சம் பயம், எனக்குக் கொஞ்சம் கூடுதலாக. இந்த வருடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, புத்தளத்தில் மாமி வீட்டில் போய் நின்று மாமியின் பிள்ளைகளைப் பார்க்கும்படி அவர் மகளிடம் சொல்லியிருக்கிறார். மகள், படிக்க விருப்பம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து அவர் அவளோடு கதைப்பதில்லை.

"பயப்படாதீங்க மகள். இந்த வகுப்பில பேசுறது வெளிய போகாது. நான் பொறுப்பு" என்றேன். என் வாழ்க்கையில் அத்தனை உறுதியாக நான் வேறெதையும் சொன்னதில்லை. நிக்காஹ்கூட இரண்டாவது இடத்தில்தான்.

அன்றே சங்கேதப் பட்டியல் தயாரானது. எல்லாம் மீன்கள். வாப்பா என்றால் கொடுவா, உம்மா என்றால் பாரை, நாநாமார், அதாவது அண்ணன்மார், கெளுத்தி, அதிபர் கணவாய். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. அவர்கள் விடாப்பிடியாகக் கேட்டதால் என் மனைவிக்கும் ஒரு பெயர் வைத்தேன், திருக்கை. (திருக்கைக்கு வாலில் விஷமுள். அவளுடைய பேச்சைக் கேட்டவர்களுக்குக் காரணம் விளங்கும்.) நானும் எழுத வேண்டும் என்பது பிள்ளைகள் போட்ட சட்டம். "எங்கள மட்டும் சொல்லச் சொல்றீங்க" என்றார்கள். நியாயம்தானே.

வருட முடிவில் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாகவும், பெற்றோரையும் அழைத்து நிகழ்ச்சி ஒன்று நடத்த வேண்டும் என்றும், அதைப் பார்த்துத்தான் வகுப்பைத் தொடர்வதா இல்லையா என்று தீர்மானிப்பதாகவும் அதிபர் சொன்னார். எனக்குத் துளியும் பதற்றமில்லை. மேடையில் மீன்கள் அல்லவா பேசப்போகின்றன! மீன்பிடி ஊரில் மீனைப் பற்றிக் கவிதை வாசித்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

நிகழ்ச்சி நிரலை எழுதி, போட்டோ கொப்பிக் கடையில் கொடுத்தேன். இங்கேதான் என் இராணுவப் புத்தி வேலை செய்தது. தாளின் ஒரு பக்கத்தை வெறுமையாக விடுவது எனக்குப் பாவம் செய்வதைப் போல. ஆகவே நிகழ்ச்சி நிரலை, ஏற்கெனவே ஒரு பக்கம் எழுதிய தாளின் மறுபக்கத்தில் எழுதியிருந்தேன். அந்த ஒரு பக்கம் எது என்று திருப்பிப் பார்க்கவில்லை. கடைக்காரர் என்னைவிடக் கவனமானவர். இரண்டு பக்கத்தையும் அழகாக டைப் செய்து, நூற்றைம்பது பிரதி எடுத்து, நேரே மண்டப வாசலுக்கே அனுப்பிவிட்டார். பின்பக்கத்தில் இருந்த மீன் பட்டியலுக்கு நான் "பரம இரகசியம்" என்று தலைப்பு எழுதியிருந்தேன். அதைக் கொட்டை எழுத்தில் போட்டு, நாலு மூலையிலும் மீன் படம் வைத்திருந்தார்.

வரவேற்புப் பாட்டு முடிந்ததும், முதலில் ஸ்டெல்லா மேடையேறினாள். தைரியமான பிள்ளை.

"கணவாய்க்குக் கோபம் வந்தால் மை பீச்சும். என் கொப்பி முழுக்கச் சிவப்பு மை. கணவாயே, ஒரு நாளாவது நல்லது என்று எழுது. ஓவர்."

"கேட்டது!" என்றார்கள் பிள்ளைகள். சபையில் ஏதோ சரசரத்தது. நூறு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் தாளைத் திருப்பும் சத்தம் அது. எனக்கு மிஞ்சிய ஒற்றைக் காதுக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் வலய அதிகாரி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார். பிறகு பக்கத்தில் இருந்த அதிபரைப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார். அதிபர் என்னைப் பார்த்த பார்வையில் மையும் இருந்தது.

கதிரை ஒன்றில் கிடந்த தாளை எடுத்துத் திருப்பினேன். இல்லாத காலில் வியர்த்தது.

மேடையின் பின்பக்கம் ஓடினேன். (என் ஓட்டத்தை ஓட்டம் என்று நான்தான் சொல்கிறேன்.) "நிப்பாட்டுங்க! எல்லாரும் வரவேற்புப் பாட்டை இன்னொருக்கா பாடிட்டு இறங்குங்க" என்றேன். பிள்ளைகளிடம் தாளைக் காட்டினேன். எனக்கு ஷிபானாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொறுப்பு என்று சொன்னவன் நான்தான். இந்தப் பிள்ளை இனி வாழ்நாளில் யாரையும் நம்பி ஒரு வரி எழுத மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் தாளை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"வாப்பா திருப்பிப் பாத்துட்டாரா சேர்?"

"ஓம் மகள்."

"அப்ப நல்லம். விளங்கப்படுத்தத் தேவல்ல" என்றாள். றபானை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போய்விட்டாள். நான் மறிக்கவில்லை. மறிக்க எனக்கு வேகமும் இல்லை.

முதலில் றபானில் தட்டினாள். நாங்கள் பழகிய தாளம் அல்ல அது. பிறகு வாசித்தாள்.

"கொடுவா என்னோடு கதைத்து மூன்று மாதம். சோறு போட்டு வைக்கிறேன். சாப்பிட்ட கோப்பை மட்டும் திரும்பி வருகிறது. படிக்க விருப்பம் என்றேன். அது பிழையான சொல் என்றால், சரியான சொல்லைக் கொடுவாவே சொல்லித் தரட்டும். ஓவர்."

பிள்ளைகளுக்கும் "கேட்டது" சொல்ல வாய் வரவில்லை. நடுவரிசையில் மஜீத் நாநா எழும்பினார். கையில் தாள். நான் மேடை ஓரத்துக்கு வந்து, அடி விழுந்தால் பொய்க்காலில் விழட்டும் என்று இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தாளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"கொடுவா பேசுறேன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

"கேட்டிச்சி. எனக்கு கோவம் வந்தா கதைக்க வாறல்ல. எண்ட வாப்பா, ஒங்கட வாப்பிச்சாவும் அப்பிடித்தான். ஊட்டுக்கு வாங்க மகள், கதைப்பம்." உட்காரப் போனார்.

"ஓவர் சொல்லுங்க!" என்று மேடைக்குப் பின்னாலிருந்து பதினாறு குரல்கள்.

"ஓவர்" என்றார் மஜீத் நாநா. ஷிபானா றபானால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

நிகழ்ச்சி நிரலில் கடைசிப் பெயர் என்னுடையது. ஒரு பிள்ளை அப்படி நின்று பேசிய பிறகு நான் தப்பி ஓடுவது அழகல்ல. ஆனாலும் முயன்றேன். மௌத் ஓர்கனில் ஒரு பாட்டை வாசித்துவிட்டு, சலாம் சொல்லி இறங்கப் பார்த்தேன்.

"சேர், கவித!" என்றாள் ஷிபானா.

மூன்றாம் வரிசையில் என் மனைவி நஸீரா, தாளின் பின்பக்கத்தில் விரலை வைத்து ஒவ்வொரு மீனாக இறங்கிவந்துகொண்டிருந்தாள். திருக்கையில் விரல் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். மிதிவெடியில் காலை வைத்த நொடியில் வந்த அதே நினைப்பு எனக்கு வந்தது, இனி எடுத்துப் பயனில்லை. வாசித்தேன்.

"விடிந்ததும் என் பொய்க்காலைப் பூட்டுகிறேன். திருக்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போகிறது. பார்க்கக் கூச்சம் போலும். கட்டிய நாளிலிருந்து ஒன்பது வருடம். நானும் கேட்கவில்லை. ஓவர்."

நஸீரா எழும்பினாள்.

"திருக்கை பேசுறேன்." சபை கலகலத்தது. அவள் நிறுத்தவில்லை. "அந்த நேரத்துக்குத்தான் காலைச் சாப்பாட்டுக்கு பாண் விக்கிற ஓட்டோ பாட்டு போட்டுட்டு வாறது. சந்தியில பாட்டு கேட்டவொடன ஓடாட்டி அவன் நிக்காம போயிடுவான். ஒங்கட அந்தக் காதுக்கு அது கேக்கிறல்ல. ஒம்பது வருஷமா இதையா மனசில வெச்சிட்டு இருந்தீங்க? புள்ளைகளுக்கு வாயத் திறக்கப் படிச்சிக் குடுக்கிற மனிசன், ஊட்டுல ஒரு வார்த்த கேக்கப்படாதா? ஓவர்."

"கேட்டது!" என்றது மொத்த மண்டபமும். வலய அதிகாரியும்தான்.

ஒன்பது வருடத் துயரம் ஒரு இறாத்தல் பாணில் முடிந்துபோனது. எனக்கு அழுகை வந்தது. மறைப்பதற்காக மௌத் ஓர்கனை வாயில் வைத்தேன். அது என் ஒவ்வொரு விம்மலையும் மைக்கில் இரட்டைச் சுருதியில் ஒலிபரப்பியது. புதுப் பாட்டாக்கும் என்று நினைத்துச் சிலர் கை தட்டினார்கள்.

வகுப்பு தொடர்ந்தது. அதிபர் இப்போது பச்சை மை பாவிக்கிறார். மஜீத் நாநா வீட்டில் ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. பல மாதம் கதைத்தார்கள், நடுவில் இரண்டு தடவை கதைக்காமலும் இருந்தார்கள். ஷிபானா இப்போது உயர்தர வகுப்பில் கணிதம் படிக்கிறாள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது, "இரகசியம் சொல்ல ஏலுமான ஆளு நீங்க இல்ல சேர்" என்று மட்டும் சொன்னாள். உண்மைதான்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் விடிந்தால் அதே கதைதான். நான் கட்டிலில் இருந்து காலைப் பூட்டுவேன். நஸீரா காதைத் தீட்டிக்கொண்டு நின்று, "திருக்கை பாணுக்கு போறேன், ஓவர்" என்பாள். நான் "கேட்டது" சொன்னால்தான் போவாள். ஒரு நாள், என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று பேசாமல் இருந்தேன். அவளும் போகவில்லை. நான் கடைசி வாரைப் பூட்டி முடிக்கும்வரை கதவில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாண் ஓட்டோ பாடிக்கொண்டே போய்விட்டது. அன்றைக்கு எங்களுக்கு பிஸ்கட்டும் தேத்தண்ணியும்தான்.